இரண்டாவது ஓட்டை

புல் வெட்டாததற்காக ஒரு மனிதனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகுமா? போகும். அது அப்படிப்பட்ட காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒரு கூட்டம், வெளியே துப்பாக்கியோடு ஒரு கூட்டம், நடுவில் ரப்பர் மரம் சீவிப் பிழைக்கிற சனம். லூபோக் சீனா என்ற மலாய் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ரெட்டைப்பாலத் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலியோரம் புல் கணுக்காலுக்கு மேல் வளரக் கூடாது என்று உத்தரவு. வளர்ந்தால் காட்டுக்காரன் அதில் ஊர்ந்து வந்து அரிசி வாங்கிக்கொண்டு போய்விடுவானாம். அரிசிக்குச் சட்டம் போட்ட அரசாங்கத்தை நம் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். புல்லுக்கும் சட்டம் போட்டதை அப்போதுதான் பார்த்தார்கள்.

அந்தப் புல்லை வெட்டத் துரை பங்களாவிலிருந்து கீழே அனுப்பப்பட்டது ஒரு கிழட்டுப் புல் மெஷின். கப்பலில் சீமையிலிருந்து வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்து பிழைத்தது. அதை ஓட்டியவன் காளிமுத்து. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படித் துடைத்து வைத்திருக்க மாட்டார்கள். கொஞ்ச நாளாக அதற்கு ஒரு நோய். கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஓடும், வேலியில் பாதி தூரம் போகும், இருமிவிட்டு நின்றுவிடும். காளிமுத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி தங்கையாவிடம் போய், “ஐயா, மெஷின் ரோசாக்” என்பான். ரோசாக் என்றால் கெட்டுப்போனது என்று மலாய்க்காரர் சொல்வது. எங்கள் தோட்டங்களில் பானையும் ரோசாக், பல்லும் ரோசாக், சில வீட்டில் கல்யாணமும் ரோசாக். கிராணி தலையைத் தூக்காமல், “ரோசாக்க ரோசாக்காவே ஓட்டு” என்பார். துரையின் காதில் அவர் ஒன்றும் போடவில்லை.

ஒருநாள் காலை, ஆற்றுப் பக்கத்து வேலியோரம் முழங்கால் உயரப் புல் மிதிபட்டுக் கிடந்ததைப் போலீஸ் பார்த்தது. கம்பிக்கு அடியில் யாரோ தோண்டியிருந்தார்கள். அன்றே காளிமுத்துவை லாரியில் ஏற்றினார்கள். காட்டுக்காரனுக்கு மறைவு வேண்டும் என்று மெஷினை வேண்டுமென்றே கெடுத்தானாம். மெஷின் கெட்டதை எவனும் தன்னிடம் சொல்லவே இல்லை என்று தங்கையா கிராணி அடித்துச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து துரையின் வாக்குமூலத்தை வாங்கிப் போவார். பிறகு காளிமுத்துவுக்குத் தடுப்பு முகாம். முகாமிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல்.

அவன் பெண்டாட்டி முனியாயி மரம் சீவுகிறவள். அவளிடம் யாராவது இதைச் செய்யாதே என்று சொன்னால் அதைத்தான் முதலில் செய்வாள். அந்த வருஷம் ஆயுத பூசைக்குச் சுண்டல் போடக் கடலை கிடையாது, எல்லாம் ரேஷன் என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். “சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் ரேஷன் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, லாரி, பால்வாளி, சீவுகத்தி, புல் மெஷின், ஆபீஸ் நாற்காலி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் கட்டைவிரலால் அள்ளி அப்பியவள் அவள். அப்படிப்பட்டவள் புருஷனைக் கொண்டுபோனதும் மூலையில் உட்கார்ந்து அழுவாளா? ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு ஆபீசுக்கு நடந்தாள்.

கிராணி வாசலிலேயே மறித்தார். “என்னா புள்ள, நேரா உள்ள போற? எங்கிட்டச் சொல்லு. நான் தொரைகிட்டச் சொல்றேன்.”

“நீங்க சொன்னதுலதான் எங்க வூட்டுக்காரரு உள்ள கெடக்காரு. இந்தத் தடவ நானே சொல்லிக்கிறேன்.”

துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். அதட்டுவதற்கும் வேலை ஏவுவதற்கும் போதுமான தமிழ்.

“என்னா வேணும்?”

“மெஷினு தானா கெட்டுச்சு தொரே. யாரும் கெடுக்கல. நான் காட்டுறேன்.”

“நீ மெஷின் வேலை தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சுக்குறேன்.”

கிராணி சிரித்தார். “நீ அத ஓட வச்சா, நல்ல மெஷின ரோசாக்குன்னு போலீசுல அவன் பொய் சொன்னான்னு ஆகும். ஓட வைக்கலேன்னா, அவன் கெடுத்தது கெடுத்ததுதான்னு ஆகும். எந்தப் பக்கம் போவ?”

அது சரியான கண்ணி. முனியாயிக்கும் அது புரிந்தது. மெஷினை ஓட வைத்தால் மட்டும் போதாது; அதன் நோயை இன்ஸ்பெக்டரின் கண் முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும்.

“சனிக்கிழமை காட்டு,” என்றார் துரை. “காட்டல்லே, அவன் இந்தியா போகுது. நீயும் போகுது.”

“எந்த இந்தியாவுக்கு தொரே? நான் பொறந்தது இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரில. அவரு பொறந்தது அடுத்த லயத்துல. லூபோக் சீனா பசாரத் தாண்டி எனக்கு ஒரு ஊரும் தெரியாது.”

இந்தக் கேள்விக்கு வேண்டிய தமிழைத் துரைக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

தோட்டத்தில் எஞ்சின் விஷயம் தெரிந்தவன் லாரி ஓட்டுகிற அம்புரோஸ் ஒருவன்தான். முனியாயி வயதுக்காரன், ஒன்றிரண்டு மாதம் இளையவன். போலீஸ் தொப்பியைத் தூரத்தில் பார்த்தாலே மாதாவைக் கூப்பிடுகிறவன். புல் மெஷின் கிடந்தது அவனுடைய லாரிக் கொட்டகையின் மறுபாதியில்.

“அக்கா, நான் அதத் தொட்டேன்னு வையி, அடுத்த லோரில நான்தான்.”

“நீ தொட வேணாம். எனக்குச் சொல்லு.”

“ஒனக்குச் சொன்னேன்னு தெரிஞ்சாலும் ஆபத்து லா.”

“அப்ப எனக்குச் சொல்லாத. ஒன் லோரிகிட்டச் சொல்லு.”

அம்புரோஸ் யோசித்தான். பிறகு மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லாரியின் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். “ஏ லோரி, நல்லாக் கேட்டுக்க. எஞ்சினுக்கு மூணுதான் வேணும். எண்ணெய், காத்து, நெருப்பு. மூணுல ஒண்ணு வரலேன்னா எஞ்சின் நிக்கும். எது வரலேன்னு ஒண்ணொண்ணாப் பாக்கணும். எல்லாத்தயும் ஒண்ணாப் போட்டுக் கொழப்புனா ஒண்ணும் தெரியாது. மொதல்ல எல்லாத்தயும் சுத்தமாத் தொடச்சிரு.”

அன்றிலிருந்து மத்தியானமானால் முனியாயிக்கு அதே வேலை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மெஷினைத் துடைத்தாள். உருளை, வெட்டுக்கத்தி, கைப்பிடி, டாங்கி, டாங்கி மூடி என்று ஒன்றும் விடாமல் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் புருஷன் ஏற்கெனவே துடைத்துத் துடைத்து மழுமழுவென்றாக்கிய இரும்பு தெரிந்தது. இவனா இதைக் கெடுப்பான் என்று எண்ண எண்ண அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

முதலில் நெருப்பு. பிளக்கைக் கழற்றினாள், கரிச்சட்டியாக இருந்தது. அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். “வயரோட சேத்து எஞ்சின் இரும்புல ஒட்ட வச்சுக் கயித்த இழுத்தா, பொறி பறக்கணும் லோரி” என்றான் அம்புரோஸ். எங்கே பிடிக்கக் கூடாது என்பதை லாரிக்கு அவன் சொல்ல மறந்துவிட்டான். முனியாயி பிடித்த இடத்திலிருந்து தோள்பட்டை வரை சுள்ளென்று ஏறியது. அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே சொல்ல முடியாது.

“நெருப்பு நல்லாருக்குன்னு தெரியுது,” என்றான் அம்புரோஸ் லாரியிடம்.

அடுத்து காற்று. எஞ்சின் மூச்சு வாங்குகிற வலையைக் கழற்றி, உள்ளேயிருந்து புல்தூசியையும் ஒரு பல்லிமுட்டையையும் எடுத்தாள். நோய் அதுதான் என்று பல்லிமேல் பழியைப் போட்டுச் சந்தோஷப்பட்டாள். மெஷின் ஓடியது. வேலியில் பாதி தூரம் போய் நின்றது.

கடைசியாக எண்ணெய். நின்ற இடத்திலேயே கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்தாள். உள்ளே காய்ந்து கிடந்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று டாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள், தளும்பிக்கொண்டிருந்தது. குழாய் அடைத்திருக்கும் என்று அதைக் கழற்றினாள். பெட்ரோல் ஜில்லென்று கைமேல் கொட்டியது. அடைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்ப மாட்டிக் கயிற்றை இழுத்தாள். அது பாட்டுக்கு ஓடியது, பழையபடி பாதி வழியில் நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்புரோஸ் முதல்முறையாக லாரியை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். “அக்கா, சூடானா நிக்குது, கொஞ்சம் ஆறுனா ஓடுது. நெருப்பு குடுக்குற காந்தம் செத்துட்டிருக்கு. சூட்டுல அது மயங்கிரும். சிங்கப்பூர்லேருந்து புதுசு வரணும். விட்ரு.”

சிங்கப்பூரிலிருந்து அது வருவதற்குள் காளிமுத்து நாகப்பட்டினத்தில் இறங்கியிருப்பான். முனியாயி வீட்டுக்கு வந்தாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுதது போதும் என்று பட்டதும், மூக்கைத் துடைத்துக்கொண்டு தேயிலை போட்டாள்.

கெட்டிப்பால் டின்னை எடுத்தாள். அந்தக் கெடுபிடியில் பால் டின்னுக்கும் ஒரு சட்டம் இருந்தது. கடைக்காரர் விற்கும்போதே டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின் சீக்கிரம் கெடும், பதுக்க முடியாது, காட்டுக்குப் போகாது. சட்டம் ஓட்டை என்றுதான் சொன்னது, எத்தனை என்று சொல்லவில்லை. அதனால் கடைக்காரர் ஒன்று போட்டதோடு சரி. ஒற்றை ஓட்டை டின்னைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இறங்கும், அப்புறம் மனசு வராத கருமி மாதிரி நின்றுவிடும். வீட்டுக்கு வந்து ஆணியும் கல்லுமாக எதிர்ப் பக்கத்தில் இரண்டாவது ஓட்டை போட்டால்தான் பால் வரும். இது லயத்தில் எல்லா வீட்டிலும் தினமும் நடக்கிறதுதான். முனியாயி ஆணியை வைத்துத் தட்டினாள். டின் ‘ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. பால் கயிறாக இறங்கியது.

இறங்கிக்கொண்டே இருந்தது. கோப்பை நிறைந்து வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. ரேஷன் பால், அதை வழியவிட்டவள் அந்தத் தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான். இந்தச் ‘ஸ்’ஸை அவள் வேறெங்கோ கேட்டிருக்கிறாள். மெஷின் நின்றதும் பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறப்பாளே, அப்போது கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் திறந்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அதன் பிறகுதான் ஓடியிருக்கிறது. அது ஆறியதால் ஓடவில்லை. திறந்ததால் ஓடியிருக்கிறது!

கோப்பையை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். மெஷினை ஓட்டி, நிற்கவிட்டாள். இந்தத் தடவை மூடியைத் தொடவில்லை. வெற்றிலை போட்டு, மென்று, துப்பி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். எஞ்சின் மேல் கை வைத்தால் சுடவில்லை. கயிற்றை இழுத்தாள், அசையவில்லை. மறுபடி இழுத்தாள், ஊகூம். பிறகு மூடியைத் திருகினாள். ‘ஸ்’ என்றது. கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை இழுத்தாள். மெஷின் பொட்பொட்டென்று கிளம்பியது.

“அம்புரோசு! ஒன் லோரியக் கேட்டுச் சொல்லு. டாங்கிக்குள்ள காத்து எந்த வழியாப் போவும்?”

அம்புரோஸ் லாரியைக் கேட்கவில்லை. நேராக எழுந்து வந்தான். “மூடி நடுவுல பொடி ஓட்டை இருக்கும் அக்கா. பெட்ரோலு எறங்க எறங்க அது வழியாக் காத்து உள்ள போவணும். எல்லாத்தயும் தொடச்சிருன்னு அன்னிக்கே சொன்னேனே?”

“தொடச்சேனே.”

இருவரும் மூடியைப் பார்த்தார்கள். வெள்ளிக்காசு மாதிரி மின்னியது. நடுவில் மட்டும், எண்ணெய் ஏறிக் கறுத்துக் கல்லாகிப்போன ஒரு வட்டம். மேலே கொஞ்சம் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயுத பூசைச் சந்தனம். மூடியின் நடுவில் ஒரு சின்னக் குழி இருந்தது. பொட்டு வைக்கவே செய்ததுபோல் இருந்ததால், முனியாயி கட்டைவிரலை அங்கேதான் வைத்து அழுத்தியிருந்தாள். காளிமுத்து தினமும் மெஷினைத் துடைத்தான், பொட்டைச் சுற்றித் துடைத்தான். இவளும் பொட்டைச் சுற்றித்தான் துடைத்தாள். பொட்டு அழுக்கா என்ன, அதை எவள் துடைப்பாள்?

புருஷனை லாரியில் ஏற்றியது கிராணி மட்டுமில்லை, அவளுடைய கட்டைவிரலும்தான்.

அம்புரோஸ் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, பேசாம அத நோண்டி எடுத்துரு. மெஷினு நல்லாயிருச்சுன்னு சொல்லிரு. நீதான் அடைச்சேன்னு தெரிஞ்சா ஒன்னயும் சேத்து ஏத்துவான்.”

“நோண்டி எடுத்தா மெஷின்ல நோயே இல்லேன்னு ஆயிரும். அவரு பொய்யரா ஆயிருவாரு.”

“அப்ப?”

“அப்ப, இருக்கட்டும். எது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்.”

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். கறுத்த, அமைதியான மலாய்க்காரர். துரை வந்தார். தங்கையா கிராணி சலவைச் சட்டையோடு வந்தார். சும்மா பார்க்கிறேன் என்று பாதி லயமும் வந்து வேலியோரம் நின்றது. முனியாயி மெஷினை ஓட்டினாள். பாதி தூரத்தில் அது இருமியது, நின்றது. கிராணி துரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இழுத்துப் பாருங்க,” என்றாள் முனியாயி. துரையே இழுத்துப் பார்த்தார். ஓடவில்லை. “இப்ப மூடியத் தொறங்க.” துரை திறந்தார். ‘ஸ்’ என்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. “இப்ப இழுங்க.” ஓடியது.

பிறகு அவள் மூடியை வாங்கிக் கையில் உயர்த்திப் பிடித்தாள். “இந்த ஓட்டையில சந்தனம் அடைச்சிருக்கு. காத்து போவல, அதனால எண்ணெ எறங்கல. பூசையன்னிக்குப் பொட்டு வச்சது நான். அவரு இல்ல, நான்.”

கிராணிக்கு வாயெல்லாம் பல். “பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா. புருஷனும் பொண்டாட்டியும் சேந்துதான்…”

“ஆமா, வச்சேன்!” முனியாயியின் குரல் ஆற்றுப் பக்கம் வரை போனது. “நல்லா ஓடணும்னு வச்சேன். கெடுக்க நெனக்கிறவ சந்தனத்த ஒரைச்சுக்கிட்டா இருப்பா? ஒரு பிடி மண்ண அள்ளி டாங்கில போட்டா ஆச்சே! பொட்டு வச்சதுக்குக் கப்பல் ஏத்துறதுன்னா ஏத்துங்க. லோரில பொட்டு இருக்கு, பால்வாளில இருக்கு, கிராணி ஐயா, ஒங்க நாற்காலி முதுகுல இன்னும் இருக்கு. எல்லாத்தயும் ஏத்துங்க. எங்க வூட்டுக்காரரு ஒங்ககிட்ட நடந்து நடந்து ரோசாக்கு ரோசாக்குன்னு சொன்னாரா, இல்லியா? மொதல்ல அதச் சொல்லுங்க!”

வேலியோரம் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு குரல், “சொன்னாரு, நான் கேட்டேன்” என்றது. அடுத்து இன்னொரு குரல், “நானும் கேட்டேன்” என்றது. இத்தனை நாள் வாய் திறக்காத சனம் அது.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ரோசாக் என்ற அந்த ஒரு சொல் தெரியும். மூடியை வாங்கினார். அதை மூடி மெஷினை ஓடவிட்டார். நின்றதும் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். கடைசியில் கிராணியைப் பார்த்து, “மெமாங் ரோசாக்” என்றார். கெட்டுத்தான் போயிருந்தது என்று அர்த்தம். முனியாயி கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஓட்டையைக் குத்தித் துப்புரவாக்கினாள். அன்றைக்கு மெஷின் வேலி முழுக்க நிற்காமல் ஓடியது.

துரைக்கும் ஏதாவது ஒன்றைத் தடை செய்யாமல் தூக்கம் வராது போலிருக்கிறது. இனி தோட்டத்து மெஷின் எதிலும் சந்தனம், குங்குமம் கூடாது என்று உத்தரவு போட்டார். அதை லயம் லயமாகப் போய்ச் சொல்லும் சந்தோஷமாவது கிராணிக்குக் கிடைத்தது.

அடுத்த வாரம் காளிமுத்து வந்து சேர்ந்தான். கன்னம் ஒட்டியிருந்தது, ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது. வீட்டுக்குள் போகாமல் முதலில் கொட்டகைக்குத்தான் போனான். மெஷினைத் தடவிப் பார்த்தான். மூடியில் கை நின்றது.

“பொட்டு எங்க?” என்றான்.

அதைக் கேட்டதும்தான் முனியாயிக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், கல்லில் சந்தனம் உரைத்து, வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆபீஸ் படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டுத் தங்கையா கிராணி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏய், ஏய்! தொரை உத்தரவு தெரியுமா தெரியாதா?”

முனியாயி கட்டைவிரலை முக்கினாள். மூடியைத் தாண்டி, ஓட்டைக்கு வெகு தூரம் தள்ளி, டாங்கியின் நெற்றியில் பெரிதாக, வட்டமாக வைத்தாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“தெரியும். போய்ச் சொல்லுங்க. யாரு வச்சதுன்னு தொரை கேட்டா, இந்தத் தடவ மறக்காமச் சொல்லுங்க, முனியாயின்னு.”

காளிமுத்து கயிற்றைச் சுற்றி இழுத்தான்.